ரேடியேட்டரில் இறுகிப்போன கியர் ஆயில் பைப் நட்டு: சேதமில்லாமல் கழற்ற வழி உண்டா?

திருவான்மியூர்_டிரைவர்:

வணக்கம். வண்டி 2010 மாடல் பெட்ரோல் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக் கியர். வாங்கின நாள்லேருந்து திருவான்மியூர்ல, பீச்சுக்கு ரெண்டு தெரு தள்ளி, வெளியிலதான் நிற்குது. ரேடியேட்டர்ல மேல் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேர்ற மடிப்புல கசிவு. ஜி.பி. ரோட்டுல புது ரேடியேட்டர் வாங்கி வச்சாச்சு. கூலண்ட் இறக்கியாச்சு, ஃபேன் கழற்றியாச்சு, மேல் ஹோஸும் வந்துடுச்சு.

மாட்டிக்கிட்டது கீழ் டேங்க்ல. கியர்பாக்ஸ் ஆயில் குளிர்றதுக்காக ரெண்டு இரும்பு பைப் அதுக்குள்ள போகுதில்ல, அந்த ரெண்டு நட்டும் அசையவே இல்ல. பைப் நட்டுக்குள்ள நுழையுற இடத்துல துரு வளையமா உப்பியிருக்கு. டபுள் எண்ட் ஸ்பேனர் போட்டதும் நட்டு மூலை மழுங்கப் பார்த்துச்சு, உடனே நிறுத்திட்டேன். கீழ் ஹோஸும் டேங்க் மூக்கோட ஒட்டிப்போய் கிடக்கு.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போற வண்டி, ரொம்ப நாள் நிறுத்தி வைக்க முடியாது. பைப் கெடாம எடுக்க அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க.

அம்பத்தூர்_பட்டறை:

தம்பி, நிறுத்தினது நல்ல காரியம். அந்த ஸ்பேனரை இனிமே இந்த நட்டுல வைக்காதீங்க. அது ஆறு பட்டையில எதிரெதிரா ரெண்டைத்தான் பிடிக்கும். கடையில பிரேக் பைப் ஸ்பேனர்னு கேளுங்க. ரிங் ஸ்பேனர் மாதிரியே இருக்கும், பைப் நுழைய ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். அஞ்சு பட்டையைப் பிடிக்கும். பாரிமுனைப் பக்கம் கருவிக் கடைகள்ல கிடைக்கும்.

ஆனா ஸ்பேனருக்கு முன்னாடி ஒரு விஷயம் முடிவாகணும். இங்க எதைக் காப்பாத்தப் போறீங்க, ரேடியேட்டரையா பைப்பையா? இதை யோசிக்காமதான் பாதிப் பேர் வேலையைக் கெடுக்குறாங்க. உங்க கேஸ்ல பழைய ரேடியேட்டர் எப்படியும் எடைக்குப் போகப்போகுது. அது உடைஞ்சா உடையட்டும். பைப்புதான் முக்கியம். அதே ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணித் திரும்ப மாட்டுறவங்களுக்கு கணக்கு அப்படியே தலைகீழ். அங்க பைப்பை அறுத்தாலும் பரவாயில்ல, டேங்க்ல கைவைக்கக் கூடாது.

நட்டுக்கு அடுத்து டேங்க் பக்கம் பித்தளையில ஒரு அடாப்டர் இருக்கும், அதுக்கும் ஆறு பட்டை உண்டு. அதை ஒரு ஸ்பேனர் அசையாம பிடிக்கணும், இன்னொண்ணு நட்டைத் திருப்பணும். ஒரே ஸ்பேனர் போட்டா நட்டோட சேர்ந்து அடாப்டரும் திரும்பும், டேங்குக்குள்ள கியர் ஆயிலைக் குளிர வைக்கிற கூலர் முறுக்கிக்கும்.

இன்னொண்ணு. புது ரேடியேட்டர்ல அந்த அடாப்டர் இருக்கான்னு இப்பவே பெட்டியைப் பிரிச்சுப் பாருங்க. சிலதுல வெறும் மரைதான் இருக்கும், பழசுலேருந்து எடுத்துப் போடணும். அப்படின்னா அடாப்டரையும் காப்பாத்தியாகணும்.

கிண்டி_ஃபிட்டர்:

அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. இந்த நட்டு ரெண்டு இடத்துல பிடிக்கும். ஒண்ணு மரையில. இன்னொண்ணு நட்டோட பின்பக்கம், பைப் நுழையுற ஓட்டையில. நீங்க சொன்ன துரு வளையம் அந்த ரெண்டாவது இடம். மழைத் தண்ணியும் கடல் காத்து உப்பும் அங்கதான் தங்கும். எல்லாரும் மரைப் பக்கம் மட்டும் எண்ணெய் அடிக்கிறாங்க. மரை விட்டுடும், ஆனா பைப் நட்டை விடாது. நட்டு திரும்பத் திரும்ப பைப்பும் கூடவே முறுக்கிக்கிட்டு, கடைசியில பிய்ஞ்சு வரும்.

முதல்ல கம்பி பிரஷ்ஷால அந்த வளையத்தை நல்லா தேய்ச்சு எடுங்க, இல்லன்னா எண்ணெய் உள்ளேயே போகாது. அப்புறம் துருவுக்குன்னே வர்ற ஊடுருவும் ஸ்பிரே, ரெண்டு பக்கமும். டபிள்யூடி-40 கையில இருந்தா அதையும் அடிக்கலாம், ஆனா அது அடிப்படையில ஈரத்தை விரட்டுறதுக்காக உருவாக்கினது. இறுகின மரைக்கு அதுக்குன்னு இருக்கிற ஸ்பிரேதான் நல்லா வேலை செய்யும். சாயங்காலம் அடிச்சு, ராத்திரி படுக்கப்போகும்போது இன்னொரு தரம் அடிச்சு, காலையில தொடுங்க. நடுவுல நட்டு மேல சின்ன சுத்தியலால லேசா தட்டிக்கிட்டே இருந்தா எண்ணெய் இறங்கும். அடாப்டரைத் தட்டாதீங்க.

ஸ்பேனர் போடும்போது வெள்ளை பெயிண்ட் மார்க்கரால நட்டுலயும் பைப்புலயும் சேர்ந்தாப்ல நேரா ஒரு கோடு போட்டுக்குங்க. நட்டுல இருக்கிற கோடு மட்டும் நகர்ந்தா ஜெயிச்சாச்சு. ரெண்டு கோடும் சேர்ந்து நகர்ந்தா பைப் முறுக்குது, உடனே நிறுத்துங்க. கையிலயும் தெரியும். மரை விடும்போது "டக்"குன்னு ஒரு வெட்டு வரும். பைப் முறுக்கினா ஸ்பேனர் மெத்துன்னு வந்து, விட்டதும் திரும்பிப் போகப் பார்க்கும்.

எடுத்த எடுப்புல லூஸ் பண்ணாதீங்க. மொதல்ல துளி டைட் பக்கம் அழுத்துங்க, அப்புறம் லூஸ் பக்கம். கொஞ்சம் விட்டதும் மறுபடி எண்ணெய், திரும்ப டைட், திரும்ப லூஸ்.

நாவலூர்_நைட்ரைவ்:

இவ்ளோ நேரம் எதுக்கு ப்ரோ? எங்க ஏரியா மெக்கானிக் கேஸ் வெல்டிங் செட்டுல நட்டை சிவக்க சூடு பண்ணுவார், கையாலயே திருப்பிடலாம். சைலன்சர் நட்டெல்லாம் அப்படித்தான் எடுத்தோம்.

அம்பத்தூர்_பட்டறை:

சைலன்சர் நட்டு வேற, இது வேற. அந்த கீழ் டேங்க் கண்ணாடி இழை கலந்த நைலான். சுமார் 260 டிகிரியில உருகிடும். இரும்பு சிவக்கணும்னா 600 டிகிரிக்கு மேல போகணும். சூடு பித்தளை அடாப்டர் வழியா நேரா டேங்குக்குத்தான் போகும், கசிவை அடைக்கிற ரப்பர் வளையம், அதான் ஓ-ரிங், மொதல்ல கருகும். பைப்புக்குள்ள கியர் ஆயில் மிச்சம் இருக்கு, கீழ கூலண்ட் சிந்தியிருக்கும். கூலண்ட்ங்கிறது தண்ணியும் கிளைக்கால்ங்கிற ரசாயனமும் கலந்தது, தண்ணி ஆவியாகிப் போனா மிச்சம் நிக்கிற கிளைக்கால் எரியும். அதுக்கு மேல, இப்பத்தான் ஸ்பிரே அடிச்ச இடம். வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு அங்க நெருப்பு காட்டுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். என் பட்டறையில பையனுங்க யாரையும் செய்ய விட்டதில்ல.

நாவலூர்_நைட்ரைவ்:

பிளாஸ்டிக் டேங்க்னு கவனிக்கல அண்ணா. நாங்க செஞ்சது பழைய ஜீப், முழுக்க பித்தளை ரேடியேட்டர். ஆனா வெளியே கழற்றி வச்சு, ஆயிலெல்லாம் வடிச்சப்புறம் சூடு பண்ணலாம்தானே?

அம்பத்தூர்_பட்டறை:

தூக்கிப் போடுற ரேடியேட்டர்னா, வெளியில, பக்கத்துல எதுவும் இல்லாத இடத்துல, சரி. அதுவும் கடைசி வழிதான்.

மடிப்பாக்கம்_மகேஷ்:

ஒத்தை ஸ்பேனர் போட்டா என்ன ஆகும்னு என் வண்டி அனுபவத்தைச் சொல்றேன். ரேடியேட்டர் சர்வீஸுக்கு ஒரு பட்டறையில விட்டிருந்தேன். கழற்றி, சுத்தம் பண்ணி, அதே ரேடியேட்டரை மாட்டிக் குடுத்தாங்க. வெளியில ஒரு சொட்டு கசிவில்ல. கொஞ்ச நாள் கழிச்சு கியர் மாறும்போது வண்டி உதற ஆரம்பிச்சது. ரிசர்வ் டேங்க் மூடியைத் திறந்தா உள்ள ரோஸ் மில்க். கியர் ஆயில் டிப்ஸ்டிக்லயும் அதே கலர்.

டேங்குக்குள்ள இருக்கிற கூலர்ல அடாப்டர் சேர்ற இடம் முறுக்குல விரிசல் விட்டிருக்கு. ஆயில் கூலண்டுக்குள்ள, கூலண்ட் ஆயிலுக்குள்ள. தண்ணியும் கிளைக்காலும் போச்சுன்னா கியர்பாக்ஸ் கிளட்ச் தட்டுல ஒட்டியிருக்கிற உராய்வுப் பூச்சு பசை விட்டு உரிஞ்சு வந்துடும். கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டியதாப் போச்சு. அந்த ரெண்டு பைப்போட விலையை அந்த பில்லுக்குப் பக்கத்துல வைக்கவே முடியாது. அதே ரேடியேட்டரை மாட்டப்போறவங்க தயவுசெஞ்சு பைப்பை அறுத்துடுங்க.

திருவான்மியூர்_டிரைவர்:

எல்லாருக்கும் நன்றி. பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தேன், புது ரேடியேட்டர்ல அடாப்டர் ரெண்டும் இருக்கு. பழசோட பக்கத்துல வச்சுப் பார்த்தா மரையும் ஒண்ணுதான். பைப் ஸ்பேனர் வாங்கியாச்சு. பிரஷ் போட்டு, ஸ்பிரே அடிச்சு ராத்திரி முழுக்க ஊற விட்டேன்.

வலது பக்க நட்டு விட்டுடுச்சு! கோடு போட்டதாலதான் தைரியமாத் திருப்ப முடிஞ்சது. இடது பக்கம் ரெண்டு கோடும் சேர்ந்தே நகருது. அங்க பேட்டரி தட்டு மறைக்குது, ரெண்டாவது ஸ்பேனர் நேரா உட்காரல. அதுக்கு மேல தொடல.

கிண்டி_ஃபிட்டர்:

அந்தப் பைப் கியர்பாக்ஸ் வரைக்கும் முழு இரும்பா, நடுவுல எங்கேயாவது ரப்பர் ஹோஸ் ஜாயிண்ட் இருக்கா? நிறைய வண்டியில இன்ஜின் ஆடுறதுக்காக நடுவுல ஒரு துண்டு ரப்பர் வச்சிருப்பாங்க.

திருவான்மியூர்_டிரைவர்:

இருக்கு! ரேடியேட்டர்லேருந்து ஒரு முழம் தள்ளி ரப்பர் துண்டு, ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் கிளாம்ப்.

கிண்டி_ஃபிட்டர்:

அப்ப வண்டிக்குள்ள அந்த நட்டோட ஏன் மல்லுக்கட்டணும்? ரப்பர் ஜாயிண்ட்ல பிரிச்சு, பைப் துண்டோட சேர்த்தே ரேடியேட்டரை வெளியே தூக்குங்க. மேஜையில பொருத்தின பிடிகருவி, அதான் வைஸ், அதுல அடாப்டரைக் கடிக்க வச்சா அது அசையாது. ரெண்டு கையும் பைப்புக்கும் நட்டுக்கும் மட்டும். வெளிச்சமும் இருக்கும். வீட்ல வைஸ் இல்லன்னா பக்கத்து லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போங்க.

பிரிச்ச உடனே கியர்பாக்ஸ் பக்கம் போற வாயை ரப்பர் மூடி போட்டு அடைங்க. பனியன் வேஸ்ட், பஞ்சு எதையும் திணிக்காதீங்க, நூல் உள்ள போனா, கியர்பாக்ஸுக்குள்ள ஆயிலைப் பிரிச்சு அனுப்புற வால்வ் பாடி வரைக்கும் போகும். வடியுற ஆயிலை அளவு போட்ட பாட்டில்ல பிடிங்க, பின்னாடி கணக்குக்கு வேணும்.

சோழிங்கநல்லூர்_சுதா:

தூக்குறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. ரேடியேட்டருக்கு முன்னாடி நிக்கிறது ஏசி கண்டென்சர். வழியை மறைக்குதுன்னு அந்த அலுமினிய பைப்பைப் பிரிச்சுடாதீங்க, உள்ள கேஸ் அழுத்தத்தோட இருக்கு. முகத்துல பட்டா கண்ணு போயிடும், தோல் உறைஞ்சு புண்ணாகும். பெரும்பாலும் ரெண்டு மூணு போல்ட்லதான் ரேடியேட்டரோட சேர்ந்திருக்கும். போல்ட்டைக் கழற்றி, கண்டென்சரைக் கயிறு போட்டு முன்பக்கம் கட்டி நிறுத்திக்கலாம். நடுவுல அட்டை ஒண்ணு சொருகினா ஃபின் மடங்காது.

கீழ் ஹோஸைப் பத்தி யாரும் சொல்லலையே? புதுசு போடப்போறீங்கன்னா யோசிக்கவே வேண்டாம், பிளேடால நீளவாக்குல கீறி வாழைப்பட்டை மாதிரி உரிச்சிடுங்க. திரும்பப் போடணும்னா, கிளாம்பைப் பின்னாடி தள்ளிட்டு, ஹோஸ் மேல கொதிக்கிற தண்ணி ஊத்துங்க, ரப்பர் இளகும். அப்புறம் இழுக்காதீங்க. வாட்டர் பம்ப் பிளையர்ல மெதுவாப் பிடிச்சு இடமும் வலமுமா திருகுங்க. ஒட்டினது விட்டுச்சுன்னா வழுக்கிக்கிட்டு வரும். ஸ்க்ரூடிரைவரைச் சொருகி நெம்புறதுதான் டேங்க் மூக்கு உடையுறதுக்கு முக்கியமான காரணம்.

இன்ஜின் எண்ணெய், கிரீஸ் எதையும் ஹோஸ் உள்பக்கம் தடவாதீங்க. கூலண்ட் ஹோஸ் ஈபிடிஎம் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊதி மெத்துன்னு ஆகிடும். திரும்ப மாட்டும்போது கூலண்டையே தொட்டுத் தடவினா போதும்.

திருவான்மியூர்_டிரைவர்:

புது ஹோஸ்தான் போடுறேன், கீறியே எடுத்தாச்சு. மூக்கைச் சுத்தி வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சிருந்தது. முந்தின ஓனர் போர் தண்ணிதான் ஊத்தியிருப்பார் போல.

ரேடியேட்டரைத் தூக்கி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வைஸ்ல போட்டதும் மரை சுலபமா விட்டுச்சு, ஆனா நட்டு பைப்பை விடல. பட்டறைக்காரர் சூடு வேணாம்னு சொல்லிட்டு எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமா ஆட்டினார். துரு தூளா உதிர்ந்துச்சு. துடைச்சுப் பார்த்தா நட்டு உட்கார்ந்திருந்த இடத்துல பைப் சுவர் அரிச்சு, நகத்தால தடவினாலே பள்ளம் தெரியுது. இதைத் திரும்பப் போட மனசு வரல. புதுப் பைப் துண்டு அடிச்சுக்கலாமா? ஒரு கடையில செம்புல வளைச்சுத் தர்றேன், நட்டுல டெஃப்லான் டேப் சுத்திக்கோன்னு சொல்றாங்க.

அம்பத்தூர்_பட்டறை:

ரெண்டுமே வேண்டாம் தம்பி.

செம்பு அதிர்வுல நாளாக நாளாக இறுகி, விளிம்புக்குப் பக்கத்துல வெடிக்கும். ஃப்ரிட்ஜுக்குப் போடுற பைப்பை ஓடுற வண்டிக்குப் போடக்கூடாது. இரும்புப் பைப்பே கேளுங்க, புதுப்பேட்டையில பிரேக் பைப் அடிச்சுக் குடுக்கிற கடைங்க இருக்கு. பழைய துண்டையும் பழைய நட்டையும் கையோட கொண்டுபோங்க. நுனி விரிப்புல ரெண்டு ரகம் உண்டு. ஒண்ணு உள்பக்கம் மடிச்ச இரட்டை விரிப்பு, இன்னொண்ணு குமிழ் மாதிரி. மரை ஒண்ணா இருந்தாலும் ஒண்ணுக்கு ஒண்ணு மாறாது, மாத்திப் போட்டா எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

டேப் எதுக்குன்னு யோசிச்சுப் பாருங்க. இந்த ஜாயிண்ட்ல அடைப்பு மரையில இல்ல, விரிஞ்ச நுனி அடாப்டரோட கூம்புல உட்கார்ற இடத்துல. இரும்பும் பித்தளையும் நேரா அழுந்தணும். மரையில டேப் சுத்தினா அடைப்புக்கு உதவாது, பிய்ஞ்ச துண்டு ஆயிலோட கியர்பாக்ஸுக்குத்தான் போகும். மரைக்கும் நட்டுப் பின்பக்கத்துக்கும் கியர் ஆயில் ஒரு சொட்டு போதும். கையால முழுசா மரை ஏத்திட்டு, அப்புறம்தான் ஸ்பேனர். அப்பவும் அடாப்டரை இன்னொரு ஸ்பேனர் பிடிக்கணும், புது ரேடியேட்டர் அது.

நடு ரப்பர் துண்டையும் மாத்திடுங்க. சூடான கியர் ஆயிலுக்கான ஹோஸ்னு கேளுங்க, மேல எஸ்ஏஇ ஜே1532 னு அச்சிருக்கும். பெட்ரோல் ஹோஸைக் குடுத்தா வாங்காதீங்க.

பெரம்பூர்_பிரகாஷ்:

நடுவுல ஒரு கேள்வி. என் வண்டியில நட்டே இல்ல. பைப் அடாப்டருக்குள்ள சொருகியிருக்கு, மேல பிளாஸ்டிக் மூடி, உள்ள கம்பி கிளிப். 2023 டிசம்பர் வெள்ளத்துல பம்பர் வரைக்கும் தண்ணி நின்ன வண்டி. கிளிப்பை எடுத்தும் பைப் வரமாட்டேங்குது.

சோழிங்கநல்லூர்_சுதா:

சேறு காய்ஞ்சு இறுகியிருக்கும். பிளாஸ்டிக் மூடியைப் பின்னாடி நகர்த்திட்டு, பழைய டூத் பிரஷ்ஷும் தண்ணியும் வச்சு அந்த இடுக்கு முழுக்க கழுவுங்க. காய்ஞ்சதும் சிலிகான் ஸ்பிரே. அப்புறம் பைப்பை வெளியே இழுக்காம, முதல்ல உள்ள தள்ளுங்க. உள்ள ஓ-ரிங் ஒட்டியிருக்கும், தள்ளினாத்தான் விடும். கொஞ்சம் இப்படி அப்படி திருகிட்டு நேரா இழுங்க. சாய்ச்சு இழுத்தா அடாப்டர் வாய் கீறும். கிளிப்பும் ஓ-ரிங்கும் புதுசுதான் போடணும், பழசை நம்பாதீங்க.

திருவான்மியூர்_டிரைவர்:

புதுப்பேட்டையில இரும்புலயே அடிச்சு வாங்கிட்டேன். பழைய நுனியைப் பார்த்ததும் கடைக்காரரே இரட்டை விரிப்புன்னு சொல்லிட்டார், அதே அளவு, அதே வளைவு. ரெண்டு பக்க நட்டும் புதுசு. எல்லாம் மாட்டியாச்சு. இன்னும் ஸ்டார்ட் பண்ணல. நிரப்புறதுல கவனிக்க வேண்டியது ஏதாவது?

கிண்டி_ஃபிட்டர்:

பாட்டில்ல பிடிச்ச அளவு ஆயிலை முதல்ல ஊத்துங்க, உங்க மேனுவல்ல சொல்லியிருக்கிற அதே ரகம். அப்புறம் மேனுவல்படி லெவல் பாருங்க. டிப்ஸ்டிக் உள்ள வண்டியில பெரும்பாலும் ஆயில் சூடாகி, இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கும்போதுதான் பார்க்கணும். டிப்ஸ்டிக் இல்லாத வண்டின்னா கீழ இருக்கிற பிளக்கைத் திறந்து ஆயில் வழியுதான்னு பார்க்கணும், அதுவும் குறிப்பிட்ட ஆயில் சூட்டுல. அதை ஸ்கேனர் இல்லாம வீட்ல முயற்சி பண்ண வேண்டாம்.

கூலண்ட் தயார்நிலைக் கலவையா வாங்குங்க, போர் தண்ணி கலக்காதீங்க. மெதுவா ஊத்தணும். ஏசி கண்ட்ரோல்ல ஹீட்டரை முழுசா திருப்பி வைங்க. சென்னையில யாரும் அதைத் தொடுறதே இல்ல, ஆனா ஹீட்டர் சுத்துல காத்து மாட்டிக்கிட்டா இன்ஜின் திடீர்னு சூடாகும். ஃபேன் சாக்கெட்டைத் திரும்ப மாட்டிட்டீங்களான்னு ஒரு தரம் பாருங்க. ஓடி முடிச்ச சூட்டுல மூடியைத் திறக்கவே கூடாது.

மடிப்பாக்கம்_மகேஷ்:

இறக்கின பழைய கூலண்டை எங்க வச்சிருக்கீங்க? திறந்த பேசின்ல இருந்தா இப்பவே மூடுங்க. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், தெரு நாயும் பூனையும் நக்கிடும். கொஞ்சம் போனாலே கிட்னி போய் செத்துடும். மழைநீர் வடிகால்ல ஊத்தவும் கூடாது. கேன்ல அடைச்சு, பழைய ஆயில் சேகரிக்கிற பட்டறையில கேட்டுக் குடுங்க.

திருவான்மியூர்_டிரைவர்:

கேன்ல மூடி போட்டு பால்கனியில இருக்கு, தரையில சிந்தினதையும் தண்ணி விட்டுத் துடைச்சிட்டேன்.

ஈ.சி.ஆர்.ல அக்கரை வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். வெப்பமுள் நடுவுல நிற்குது. ரெண்டு நட்டுக்கும் அடியில வெள்ளைப் பேப்பர் வச்சிருந்தேன், கறை இல்ல. டிப்ஸ்டிக்ல ஆயில் தெளிவான சிவப்பு. நட்டுப் பின்பக்கம் துரு திரும்ப வராம இருக்க என்ன தடவலாம்?

அம்பத்தூர்_பட்டறை:

பைப்பும் நட்டும் நல்லா காய்ஞ்சதும் மெழுகு மாதிரி படியுற அடிப்பூச்சு ஸ்பிரே வெளிப்பக்கம் மட்டும் அடிங்க. அது கிடைக்கலன்னா கிரீஸ் மெல்லிசா, பைப் நட்டுக்குள்ள நுழையுற விளிம்புல. பக்கத்துல இருக்கிற ரப்பர் துண்டு மேல படாம பார்த்துக்குங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தரம் துடைச்சிட்டுப் புதுசாத் தடவிடுங்க.

பெரம்பூர்_பிரகாஷ்:

சுதா மேடம், உள்ள தள்ளினதும் "சளக்"குன்னு விட்டுடுச்சு. ஓ-ரிங் தட்டையாகி ஒரு பக்கம் வெடிச்சிருக்கு. புதுசு வாங்கக் கிளம்பிட்டேன், கிளிப்பும் சேர்த்துத்தான்.